சாமியை அடைத்து வைக்கலாமா?

சங்கரன்கோவிலுக்குப் போய் வருகிறவர்கள் பிரசாதமாகக் கொண்டு வருவது மண். புற்றுமண். பொட்டலமாக மடித்துப் பூசையறையில் வைத்திருப்பார்கள். சொறி, சிரங்கு, தேமல் என்றால் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். நெற்றியில் இட்டுக்கொண்டு ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்வார்கள். பாம்பு, தேள் உருவங்களை வெள்ளித் தகட்டில் வாங்கிக் காணிக்கை போடுவதும் அங்கே வழக்கம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் வாதம் செய்தார்களாம். கோமதியம்மன் தவமிருக்க, ஆடி மாதத்தில் ஒருநாள் சிவனும் திருமாலும் ஒரே திருமேனியாகக் காட்சி கொடுத்தார்களாம். அதுதான் ஆடித்தபசு. அந்தத் தலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. புன்னை வனத்தில் காவல்காரன் ஒருவன் புற்றை வெட்டினான். உள்ளே இருந்த பாம்பு வெட்டுப்பட்டது. பக்கத்திலேயே லிங்கம் இருந்தது. ஆக, எங்கள் மாவட்டத்தின் பெரிய கோவில்களில் ஒன்று, ஒரு பாம்பின் வீடு இடிபட்ட கதையில்தான் தொடங்குகிறது.

அந்த மண்ணை வருஷம் தவறாமல் வாங்கி வரும் ஒரு அம்மாள்தான் இந்தக் கட்டுரைக்கான கேள்வியை என்னிடம் கேட்டார்.

நான் கால்நடை மருத்துவன். அரசாங்க வேலையில் இருந்த காலமெல்லாம் மாடு, ஆடு, கோழிதான். ஓய்வுக்குப் பிறகு மேலகரத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நாய், பூனை பார்க்கிறேன். ஊரில் என் பெயர் இன்னமும் மாட்டு டாக்டர்தான். ஆனி மாதம், சாரல் நன்றாக இறங்கியிருந்த ஒரு காலையில் இலஞ்சியிலிருந்து அந்த அம்மாள் போன் செய்தார். "டாக்டரய்யா, பையன் பெங்களூர்ல இருந்து ஒன்னக் கொண்டாந்து வச்சிருக்கான். மூச்சு விட முடியாம கெடந்து அல்லாடுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." என்ன ஜாதி நாய் என்று கேட்டேன். "நாயா இருந்தா நாலு பேருட்ட சொல்லிருப்பேனே. பாம்பு."

போய்ப் பார்த்தால் பால் பைத்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு. மிரண்டால் கடிக்க வராது. தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். விஷம் கிடையாது. பையன் கணினி வேலைக்காரன்; வீட்டிலிருந்தே வேலை. பாம்பை ரசீதோடு வாங்கி, 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்திருந்தான். சட்டப்படி குறை ஒன்றுமில்லை. இதே இடத்தில் ஒரு நல்ல பாம்போ, சாரையோ, மண்ணுளியோ இருந்திருந்தால் கதை வேறு. நம் மண்ணின் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மண்ணுளியை 'ரெட்டைத் தலை' என்று சொல்லி, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று லட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்கள் ஜெயிலுக்குப் போவது இந்தச் சட்டத்தால்தான்.

அம்மாள் கதவோரத்திலேயே நின்றார். அறைக்குள் கால் வைக்கவில்லை.

"நாங்க கும்பிடுத சாமிய இவன் பெட்டியில போட்டு அடைச்சு வச்சிருக்கான். பாவம் இல்லையா டாக்டரய்யா? இவனுக்கு நாகதோஷம்னு ஜோசியர் சொல்லி, வெள்ளிக்கிழமதோறும் நான் புத்துக்குப் பால் ஊத்திட்டு வாறேன். ஒரு பக்கம் நான் பரிகாரம் பண்ண, ஒரு பக்கம் இவன் இப்படிப் பண்ணுதான்."

"அம்மா, இது நம்ம ஊர்ப் பாம்பு இல்ல. ஆப்பிரிக்கா."

"ஆப்பிரிக்காவுல இருந்தா சாமி இல்லையோ?"

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு, அதுவும் அம்மாள் பக்கமே சாய்கிறது. பெனின் நாட்டில் ஊய்டா என்று ஓர் ஊர். அங்கே மலைப்பாம்புகளுக்கென்றே ஒரு கோவில் இருக்கிறது. இதே இனப் பாம்புகள். இரவில் வெளியே இரை தேடப் போகும்படி அவற்றை விடுவார்கள். வழியில் கண்டவர்கள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நைஜீரியாவின் இக்போ மக்களிலும் பலருக்கு மலைப்பாம்பு புனிதமானது. 1964-இல் வெளிவந்த சினுவா அச்சிபேயின் 'ஆரோ ஆஃப் காட்' நாவலில், பூசாரியின் மகன் ஒருவன் மிஷன் பள்ளிக்கூடத்துப் புது பக்தியில் புனிதப் பாம்பைத் தன் மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறான். பெட்டி தானாக அசைவதைக் கண்டு வீடே கலங்குகிறது. தகப்பன் பெட்டியை உடைத்துத் திறக்கிறார். அந்த மகனுக்குப் பாம்பின் மேல் பகை. இலஞ்சிப் பையனுக்கோ பாம்பின் மேல் ஆசை. பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? அம்மாளின் கேள்வியைத் தோஷக் கணக்கோடு ஒதுக்கிவிட முடியாமல் போனது இதனால்தான். நேசிப்பதாகச் சொல்லும் ஓர் உயிரை அடைத்து வைக்கலாமா, வைத்தால் குற்றம் எதில் இருக்கிறது என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். பாம்பு மூக்கு நுனியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தது. வாயோரத்தில் நுரை. காதை அருகே கொண்டுபோனால் மூச்சில் மெல்லிய சீட்டிச் சத்தம். நுரையீரலில் சளி. பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, இருமித் துப்ப முடியாது. சளி சேர்ந்தால் சேர்ந்ததுதான். கையில் எடுத்துத் திருப்பினேன். அடிவயிற்றுச் செதில்கள் ஓரிடத்தில் பழுப்பேறிக் கருகியிருந்தன. குளிரும் சூடும் ஒரே உடம்பைத் தாக்கியிருந்தன.

காரணம் பெட்டியிலேயே தெரிந்தது. இரண்டடி மீன் தொட்டி, மேலே கம்பி வலை. அடியில் ஒரு ஹீட் மேட், தெர்மோஸ்டாட் இல்லை. தொட்டி இருந்த இடம் மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம். ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று நேராக அந்த ஜன்னலில்தான் முட்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்த்த கருவி ஒன்று பையிலேயே கிடந்தது. அதைப் பரப்புச் சூடு பார்க்கும்படி மாற்றி வைத்துக் காட்டினேன். மேட்டுக்கு மேலே கண்ணாடி 44 டிகிரி. எதிர்மூலை 23. இடையில் எதுவும் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பும் இல்லை. உள்ளே நடப்பட்டிருந்த பிளாஸ்டிக் கொடி மட்டும் போட்டோவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

இந்த இரண்டு எண்களில்தான் என் பதில் இருக்கிறது. கொஞ்சம் விளக்க வேண்டும்.

நமக்கு வேண்டிய சூட்டை நம் உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது. சாப்பாட்டில் பெரும்பங்கு அதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை, அந்த வசதியும் இல்லை. வெயில் குடித்த பாறை, மண்ணுக்கு அடியில் ஒரு வளை, இலைச்சருகின் ஈரம் என்று அதன் சூடு வெளியே சிதறிக் கிடக்கிறது. தேவைக்கு ஏற்ப அங்கும் இங்கும் நகர்ந்து அது தன் உடம்பைத் தானே நடத்திக்கொள்கிறது. இரை விழுங்கினால் சூட்டுப் பக்கம் போகும். சூடு கிடைக்காவிட்டால் இரை செரிக்காமல் உள்ளேயே அழுகும், கக்கிவிடும். சட்டை உரிக்கும் காலத்தில் ஈரம் தேடும். நோய்க்கிருமி உள்ளே புகுந்தால் கூடுதல் சூட்டில் போய்க் கிடந்து தனக்குத் தானே காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளும் ஊர்வனவும் உண்டு. நாயைக் கட்டிப்போட்டால் அதன் நடமாட்டம்தான் போகும், உடம்பின் சூடு அதனிடமே இருக்கும். பாம்பை ஒரே சூட்டில் அடைத்தால் அதன் செரிமானத்தையும் மூச்சையும் நோய் தாங்கும் சக்தியையும் சேர்த்தே அடைக்கிறோம்.

ஆகவே பெட்டி என்பதற்கு முதல் இலக்கணம் இரண்டு முனைகள். ஒரு முனை 31, 32 டிகிரி. மறுமுனை 25, 26. எங்கே இருப்பது என்று பாம்பு முடிவு செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், பயமா சூடா என்று பாம்பு ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும். பயந்த பாம்பு மறைவிடத்தையே தேர்ந்தெடுக்கும், குளிரில் விறைத்தாலும். வளர்ந்த பால் பைத்தானுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலமாவது பெட்டி வேண்டும். ஹீட் மேட்டோ விளக்கோ, எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக் கூடாது. பாம்பின் அடிவயிறு மெல்லச் சுடுவதை உடனே உணர்ந்து விலகாது. விலகும் முன்பே வெந்துவிடும். ஈரப்பதம் அறுபது விழுக்காடு சுற்றி இருந்தால் போதும். எங்கள் ஊர் சாரலில் அது தானாகவே கூடிப்போகும், காற்றோட்டம் வேண்டும். பங்குனி, சித்திரையில் குறையும், தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த மாதங்களில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது, குளிர்ந்த முனை என்று ஒன்று இல்லாத பெட்டி பாம்பைக் கொன்றுவிடும். சூடேற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தென்காசியில் வெயில் காலத்தில் ஆற வைப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் தாங்குமா என்பதையும்.

பையன் கெட்டிக்காரன். மறுநாளே தச்சரை வைத்துப் பெட்டி அளவெடுத்துவிட்டான். மறைவிடத்துக்கு பிளாஸ்டிக் குகை ஒன்று ஆன்லைனில் காட்டினான். வேண்டாம் என்று சொல்லி, வாய் உடைந்த மண்கலயம் இரண்டைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அடியில் பரப்ப, தென்காசியில் கயிற்றுத் தொழிற்சாலை வாசலில் குவிந்து கிடக்கும் தென்னைநார்க் கழிவைக் கழுவிக் காயவைத்தால் போதும். மருந்துக்கு ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பாம்புக்கு ஊசி மூன்று நாளைக்கு ஒருமுறை என்றதும் பையனுக்குச் சந்தேகம். தினமும் போடக் கூடாதா என்றான். உடம்பின் ஓட்டம் மெதுவானது, மருந்து வெளியேறவும் நாளாகும். அந்த மருந்தும் பாம்பு சரியான சூட்டில் இருந்தால்தான் வேலை செய்யும். எந்த விலை ஊசியானாலும் 23 டிகிரி மூலையில் கிடக்கும் பாம்பை அது காப்பாற்றாது. பாம்பு வைத்தியத்தில் பாதி மருந்துச் சீட்டு, பாதி பெட்டி.

இந்த ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த சங்கடம் சமையலறையில் கிளம்பியது. அது சைவக் குடும்பம். முட்டைகூட வாசல் தாண்டியதில்லை. பையன் உறைய வைத்த எலிகளை பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தன் அறையில் தனி ப்ரீசரில் வைத்திருந்த விஷயம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பால் ஊத்தினாப் போதாதா?" என்று மட்டும் கேட்டார்.

போதாது. பாலூட்டும் உயிரின் குட்டிக்குத்தான் பால். பாம்புக்கு அது உணவே இல்லை, செரிக்கவும் செரிக்காது. வித்தை காட்டுகிறவர்களின் பாம்பு பால் குடிப்பதாகத் தெரிவது, நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகத்தால். புற்றில் ஊற்றும் பாலை மண்தான் குடிக்கிறது. கும்பிடுகிறவரின் மனநிறைவு அவருக்கு, அதில் நான் குறுக்கிடுவதில்லை. ஆனால் ஒரு பாம்பை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு அதைச் சைவமாக்க முடியாது. நம் கொள்கைக்காக அதைப் பட்டினி போட்டால் அந்தக் கொள்கைக்குக் கருணை என்று பெயர் வைக்கக் கூடாது. காட்டில் பாம்பு எலியைப் பிடித்தால் அது அவர்கள் இருவருக்கும் இடையில். வீட்டில் அந்த எலியின் உயிருக்கும் வீட்டுக்காரரே பொறுப்பு. பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் எலிக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். உயிரோடு எலியைப் பெட்டிக்குள் விட்டால் அது பாம்பையே கடித்துப் புண்ணாக்கும் என்பதால், வலியில்லாமல் கொன்று உறைய வைத்ததைப் பதமாக்கிக் கொடுப்பதே இரண்டு உயிருக்கும் குறைந்த துன்பம். கொல்லாமை பேசும் வீட்டில் இதற்கு மனசு வராது என்றால், அந்த வீட்டுக்குப் பாம்பு வரக் கூடாது. இதை நான் நேராகவே சொன்னேன்.

கொல்லாமை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, சங்கரன்கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கழுகுமலை. வெட்டுவான் கோவிலைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், அதே மலையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கிய சமணத் திருமேனிகள் முன் அதிகம் நிற்பதில்லை. அதில் ஒருவர் பார்சுவநாதர். தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கும். அந்த நாகம் எப்படி வந்தது என்பதற்குச் சமணர் சொல்லும் கதை என் தொழிலுக்கு மிக நெருக்கம். பார்சுவர் காசி இளவரசராக இருந்தபோது ஒரு தவசி நெருப்பு மூட்டித் தவம் செய்துகொண்டிருந்தார். எரியும் கட்டைக்குள் பாம்புகள் இருப்பதைப் பார்சுவர் அறிந்து, கட்டையைப் பிளக்கச் சொன்னார். பாதி வெந்த பாம்புகள் வெளியே வந்தன. அவைதான் பின்னால் தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்து, அவருக்குக் குடைபிடித்தன என்பது கதை.

தவசிக்குப் பாம்பின் மேல் விரோதம் இல்லை. அவர் கவனம் முழுக்கத் தன் தவத்தின் மேல் இருந்தது. கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பக்தியில் வரும் குற்றங்களில் பெரும்பாலானவை இந்த வகை. ஆசையில் வரும் குற்றங்களும் அப்படியே. 44 டிகிரிக் கண்ணாடியின் மேல் பாம்பை வைத்தவனிடம் கொடுமை கிடையாது, அன்பு நிறைய இருந்தது. அதன் அடிவயிற்றைப் புரட்டிப் பார்த்ததுதான் கிடையாது. வெறும் அன்பு இந்த உயிருக்குப் போதாது, ஒரு வெப்பமானி வேண்டும் என்று சொன்னால் அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பார்சுவர் செய்தது அவ்வளவுதான்: கட்டையைப் பிளந்து பார்க்கச் சொன்னார்.

திருக்குறளில் அன்புடைமை இல்லறத்தில் வருகிறது. அருளுடைமை துறவறத்தில் வருகிறது. நம்மோடு தொடர்புள்ளவர்களிடம் ஒன்று, தொடர்பே இல்லாத உயிர்களிடம் மற்றொன்று என்று பெரியவர்கள் விளக்குவார்கள். வீட்டில் வளரும் நாய் வாலாட்டும், மாடு நம் குரலுக்குத் திரும்பும். அந்த உறவில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பாம்பு எதையும் திருப்பிக் கொடுக்காது. பழகிய கையின் வாசனைக்கு மிரளாமல் இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பையன் தோளில் அது சுற்றிக்கொண்டு கிடப்பதைப் பாசம் என்று அவன் சொன்னான். அவன் உடம்பு 37 டிகிரி, அறை 23. இப்படி எந்தப் பதிலும் வராத ஓர் உயிருக்கு, கோபம் வராமல், சலிப்பு வராமல், தினமும் சூடும் தண்ணீரும் பார்ப்பது துறவிக்குச் சொன்ன அறம். இல்லறத்தான் அதைத் தன் அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறான். அதுவும் கொஞ்ச காலத்துக்கு இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பால் பைத்தான் இருபது, முப்பது வருஷம் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒன்று 2020-இல் முட்டை இட்டது. பையனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று அம்மாள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. வரப்போகிற பெண்ணுக்கு முதலில் சொல்ல வேண்டிய தகவல் ஜாதகத்தில் இருக்காது.

அடைத்து வைப்பதே குற்றமா என்றால், எப்போதும் இல்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. அரசு அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து மண்பானைகளில் வைப்பார்கள். பானையின் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். பானை மண்ணின் குளிர்ச்சி, உள்ளே இருட்டு, பாம்புக்கு வேண்டிய மறைவு. சில வாரங்களில் சில தடவை விஷம் எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு அடிச்செதிலில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக 2020-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைப் பார்த்தால் அந்தப் பானையின் பெறுமானம் புரியும். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அடைப்பில் காரணம் இருக்கிறது, கெடு இருக்கிறது, திரும்ப விடுதலையும் இருக்கிறது. வீட்டுப் பெட்டிக்குக் காரணம் நம் ஆசை மட்டும். கெடு அதன் ஆயுள். விடுதலை இல்லவே இல்லை. இந்த மூன்று குறையையும் வேறு எதனாலும் ஈடுசெய்ய முடியாது என்பதால்தான், நாலாவதான பராமரிப்பில் ஒரு இம்மிகூடக் குறையக் கூடாது.

அப்படியானால் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாமே என்று அம்மாள் கேட்டார். செண்பகாதேவி அருவிக்கு மேலே விட்டால் புண்ணியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்கப் பாம்பு குற்றாலக் காட்டில் ஒன்று செத்துப்போகும், அல்லது பிழைத்து நம் காட்டுக்குத் தன் நோயைக் கொடுக்கும். அமெரிக்காவில் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் வளர்ப்பு வியாபாரத்திலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், அங்கிருந்த சிறு விலங்குகளையே அரிதாக்கிவிட்டன. 2012-இல் அந்த நாடு அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. பிடித்ததை விடுவது நல்ல காரியம்தான். ஆனால் எங்கிருந்து பிடித்தோமோ அங்கே விட வேண்டும். இந்தப் பாம்புக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதற்கு இனிமேல் காடு அந்தப் பெட்டிதான்.

ஆப்பிரிக்காவில் அது எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு எங்கள் ஊர் வழிபாடே வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும்தான். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று நாம் வசைச்சொல்லாகச் சொல்லுகிறோம். பாம்பைப் பொறுத்தவரை அது நல்ல தேர்வு. புற்றுக்குள் வெயிலும் மழையும் நேரே இறங்குவதில்லை. ஈரம் நிற்கும். ஆழத்துக்கு ஆழம் சூடு வேறுபடும். எந்த அறைக்குப் போவது என்று பாம்பே முடிவு செய்யும். நாம் தெர்மோஸ்டாட்டும் கலயமும் நார்க்கழிவும் வைத்துக் கஷ்டப்பட்டுச் செய்யப் பார்ப்பது அதைத்தான். பாம்பைத் தெய்வம் என்று நம்புகிற எங்கள் மக்கள் சங்கரன்கோவிலில் பாம்பைப் பிடித்து வைத்துக் கும்பிடவில்லை. புற்றைக் கும்பிட்டார்கள். தெய்வம் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இருக்க ஓர் இடம் இருக்கிறது, அது போதும். அந்த வழிபாட்டை ஏற்படுத்தியவர்கள் பாம்பை நன்றாகத் தெரிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். சங்கரன்கோவிலில் சமாதி இருப்பதாகச் சொல்லப்படும் பாம்பாட்டிச் சித்தர்கூட, பாம்பு பிடிக்கப் போன இடத்தில் சட்டைமுனி தடுத்தாட்கொள்ள, பிடிப்பதை விட்டவர் என்றுதான் கதை.

குற்றம் எதில் என்று கேட்டால் என் பதில் இது: ஒரு பாம்பிடமிருந்து போக்கிடத்தைப் பறிப்பதில். பெட்டிக்குள் இருந்தாலும் போக்கிடம் கொஞ்சம் மிச்சம் வைக்க முடியும். அந்த மிச்சத்தின் அளவுக்கே வளர்க்கிறவருக்கு மன்னிப்பு.

இந்தக் கணக்கில் இலஞ்சிப் பையனை மட்டும் நிறுத்துவது சரியாகாது. மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை வயலும் தோப்பும் பிளாட்டாகிக்கொண்டிருக்கிறது. ஜேசிபி வந்த அன்றைக்கு முதலில் இடிபடுவது வரப்போரத்துப் புற்று. இடிப்பதற்கு முன் மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டே இடிக்கிறார்கள். பிறகு கட்டிய வீட்டின் குளியலறைக்குள் பாம்பு வந்துவிட்டது என்று தோஷத்துக்குப் பரிகாரம் கேட்டுப் போகிறார்கள். பாம்புக்கு அங்கே வேறு எங்கும் குளிர்ச்சியான இடம் இல்லை என்பதே காரணம். அடிக்காமல் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அவர்கள் பிடித்து மலையோரத்தில் விடுகிறார்கள். நல்லது. அதற்கு முந்தின படி ஒன்று இருக்கிறது. மனை போடும்போது மூலையில் ஒரு புற்றை, அதைச் சுற்றிக் கொஞ்சம் புதரை, அங்கிருந்து வாய்க்கால் வரை ஒரு வழியை விட்டுவைப்பது. மனையின் பரப்பில் ஒன்றிரண்டு சென்ட் குறையும். பால் அபிஷேகத்தைவிட அது செலவான பூசைதான். ஆனால் பாம்புக்குப் போய்ச் சேரும் பூசை அது ஒன்றே.